மெகாஹிட்: பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவில் எந்த சீட் கோடைத் தொடலாம், எதை விட்டுவிடலாம்

இன்னைக்கு ஒரு பழைய கேம். 1989-ல வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. அதோட டிப்ஸ், சீட் கோடு, இப்ப விளையாடினா எப்படி இருக்கு, மூணையும் பார்ப்போம்.

சீட் கோடு லிஸ்ட் மட்டும் வேணும்னா ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிச்சிடலாம். ஆனா இந்த கேம்ல ஒவ்வொரு சீட் கோடும் கேமோட ஒரு பயத்தைத் தூக்கிடும். ஒண்ணு நேரத்தோட பயத்தை எடுத்துடும், ஒண்ணு விழுற பயத்தை, ஒண்ணு சண்டை பயத்தை. எந்த பயம் போனா கேம் இன்னும் கேமா இருக்கும், எது போனா வெறும் படமாயிடும்னு தெரிஞ்சுக்கிட்டா, நீங்களே முடிவு பண்ணிக்கலாம். அதுதான் இந்த எபிசோட்.

முன்னாடியே சொல்லிடுறேன், கடைசிப் பகுதியில கதையோட முக்கியமான ரகசியம் ஒண்ணை உடைப்பேன். அந்த இடம் வரும்போது எச்சரிக்கை பண்றேன்.

ஒரு மணி நேரக் கதை

கதை ரொம்ப சிம்பிள். சுல்தான் போருக்குப் போயிருக்கார். நாட்டைப் பார்த்துக்க வேண்டிய மந்திரி ஜாஃபர், இளவரசியை மிரட்டுறான்: என்னைக் கட்டிக்கோ, இல்லைன்னா சாவு, யோசிக்க ஒரு மணி நேரம். அவ காதலிக்கிறவன் பாதாளச் சிறையில கிடக்கான். அந்த ஆள்தான் நாம. கேம் முழுக்க அவனுக்குப் பேர் கிடையாது.

நம்ம ஊருக்கு இது புதுக் கதை இல்லை. 1956-ல எம்.ஜி.ஆர் நடிச்ச 'அலிபாபாவும் 40 திருடர்களும்' பார்த்த எந்தத் தாத்தாவுக்கும், இந்த மாதிரிக் கதையெல்லாம் பழகின சமாச்சாரம்தான். இந்த கேம்ல புதுசு அந்தக் கடிகாரம். கதையில ஒரு மணி நேரம்னா நிஜமாவே 60 நிமிஷம். நீங்க செத்தா லெவல் ஆரம்பத்துல இருந்து மறுபடி ஆடலாம், எத்தனை தடவை வேணும்னாலும். ஆனா செலவான நிமிஷம் திரும்பி வராது.

எழுதினவர் ஜோர்டன் மெக்னர், அமெரிக்கர். யேல் பல்கலைக்கழகத்துல படிக்கும்போதே கராத்தேகான்னு ஒரு கேம் எழுதி 1984-ல வெளியிட்டார். 1985-ல ஆரம்பிச்சு நாலு வருஷம், ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக இந்த கேமை எழுதினார். வெளியிட்டது ப்ரோடர்பண்ட் நிறுவனம். ஆனா 1989-ல ஆப்பிள் 2 கிட்டத்தட்ட வழக்கொழிஞ்சு போயிட்டிருந்த மெஷின். அதனால ஆரம்ப விற்பனை சுமார்தான். 1990-ல டாஸ் ஓடுற பிசிக்கு வந்தது. மத்த மெஷின்களுக்கும் போச்சு. அதுக்கப்புறம்தான் உலகம் பூரா பரவுச்சு.

நம்ம ஊருக்கு வந்தது இந்த டாஸ் பதிப்புதான். ரிச்சி தெருவுல அசெம்பிள் பண்ணி வாங்கின கம்ப்யூட்டர்ல, ஸ்கூல் லேப்ல, தெருமுனை கம்ப்யூட்டர் சென்டர்ல, 'டேவ்' ஃபோல்டருக்குப் பக்கத்துல 'பிரின்ஸ்'னு ஒரு ஃபோல்டர் இருக்கும். டேவ்னா டேஞ்சரஸ் டேவ். மயிலாப்பூர், அடையாறு பக்கம் ஸ்கூல் படிச்ச முப்பது, நாப்பது வயசுக்காரங்க யாரையாவது கேளுங்க, ரெண்டு பேரையும் ஒரே மூச்சுல சொல்வாங்க. யாரும் பெட்டியோட காசு கொடுத்து வாங்கினதில்லை. ஃப்ளாப்பியில ஃப்ளாப்பியா காப்பி ஆகி வந்தது. அதனால கூட வர வேண்டிய கையேடு யார்கிட்டயும் இல்லை. எந்த பட்டன் என்ன பண்ணும்னு பக்கத்து சீட்டுக்காரன் சொல்லித்தான் தெரியும். சீட் கோடும் அப்படித்தான், வாய்வழியா வந்தது.

ஏன் இவன் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கிறான்

முதல் தடவை விளையாடுறவங்க எல்லாரும் சொல்ற புகார் இது. பட்டனை அமுக்கினேன், குதிக்கல. அல்லது, கையை எடுத்தேன், நிக்கல.

மாரியோவை நினைச்சுப் பாருங்க. பட்டன் அமுக்கினா அந்த நொடியே குதிப்பான். உடம்புக்கு எடையே கிடையாது. பிரின்ஸுக்கு எடை உண்டு, ஏன்னா அவன் ஒரு நிஜ மனுஷனோட நகல்.

மெக்னர் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை போட்டு, ஒரு கார் பார்க்கிங்ல ஓட விட்டு, குதிக்க விட்டு, தொங்க விட்டு வீடியோ எடுத்தார். அந்த வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமா படம் பிடிச்சு, உருவத்தோட வெளிக்கோட்டை மட்டும் தனியா எடுத்து, கம்ப்யூட்டருக்குள்ள ஏத்தினார். இதுக்கு ரோட்டோஸ்கோப்பிங்னு பேர். கத்திச் சண்டை அசைவுகளை 1938-ல வந்த 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' படத்துல, எரால் ஃப்ளின்னும் பாசில் ராத்போனும் மோதுற கிளைமாக்ஸ்ல இருந்து எடுத்தார். நம்ம எம்.ஜி.ஆர்-நம்பியார் கத்திச் சண்டையில இருந்து எடுத்த மாதிரின்னு வச்சுக்கோங்க. இசை அவரோட அப்பா ஃப்ரான்சிஸ் மெக்னர். கிட்டத்தட்ட ஒரு குடும்ப புராஜெக்ட்.

இதனால என்ன ஆகுதுன்னா, ஓட ஆரம்பிச்சா ஓடுற அசைவு முடியற வரைக்கும் அவன் ஓடுவான். நிறுத்தச் சொன்னா ரெண்டு அடி சறுக்கித்தான் நிப்பான். குதிக்கச் சொன்னா, அந்தக் காலடி தரையில விழுந்த பிறகுதான் குதிப்பான். கிளம்புற 29சி பஸ்ஸைப் பிடிக்க ஓடுறவர் மாதிரி. கைப்பிடி பக்கத்துல வந்த பிறகு யோசிச்சா லேட்டு.

அதனால முதல் டிப், மத்த எல்லா டிப்புக்கும் தாய்: விளிம்புல அமுக்காதீங்க, விளிம்புக்கு ஒரு அடி முன்னாடி அமுக்குங்க. இது பழகிட்டா பாதி கேம் முடிஞ்ச மாதிரி.

சீட் கோடு இல்லாம உயிரோட இருக்க

டாஸ் பதிப்பை வச்சுத்தான் சொல்றேன்.

ஷிஃப்ட் பட்டன்தான் உங்க உயிர். ஷிஃப்ட்டோட அம்புக்குறி அமுக்கினா, அவன் ஓடாம ஒரே ஒரு சின்ன அடி வைப்பான். விளிம்பு வரைக்கும் போய் நிப்பான். ரங்கநாதன் தெருவுல தீபாவளி வாரத்துல நடக்கிற நடை. முள்ளு இருக்கிற இடத்துல இப்படி நடந்தா, முள்ளு வெளிய வந்தாலும் ஒண்ணும் ஆகாது. ஓடினாத்தான் குத்தும்.

விழும்போதும் ஷிஃப்ட்டைப் பிடிச்சுக்கோங்க. பக்கத்துல விளிம்பு இருந்தா அவன் கையால பிடிச்சுத் தொங்குவான். ஒரு மாடி உயரம் விழுந்தா ஒண்ணும் இல்லை. ரெண்டு மாடி விழுந்தா ஒரு உயிர் போகும். மூணு மாடின்னா கதை முடிஞ்சுது.

சந்தேகமா இருக்கிற தரையில நேரா மேல குதிச்சுப் பாருங்க. அந்த வரிசையில பலவீனமான கல் இருந்தா ஆடிக் காட்டும். எது விழும், எது நிக்கும்னு கால் வைக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். முதல் லெவல்ல இதைப் பழகிக்கோங்க.

முதல் லெவல்லயே கத்தி இருக்கு. அதை எடுக்காம காவலாளி முன்னாடி போகாதீங்க. கையில கத்தி இல்லைன்னா ஒரே வெட்டு, அவ்வளவுதான். சண்டையில அவசரப்பட்டு குத்துறவன் தோப்பான். மேல் அம்புக்குறி தடுக்கும், ஷிஃப்ட் குத்தும். தடு, குத்து, தடு, குத்து. இந்தத் தாளம் வந்துட்டா பெரும்பாலான காவலாளிகளைச் சமாளிச்சிடலாம்.

பாட்டில்கள்ல குமிழோட நிறம் பாருங்க. சிவப்புக் குமிழ் சின்ன பாட்டில் ஒரு உயிரைத் திருப்பிக் கொடுக்கும், பெரிய பாட்டில் மொத்த உயிர்ல ஒண்ணு கூட்டும். நீலக் குமிழ் ஒரு உயிரைப் பிடுங்கும். பச்சைதான் வினோதம். ஒண்ணு மிதக்க வைக்கும், இன்னொண்ணு திரையையே தலைகீழாக்கும்.

எட்டாவது லெவல்ல ஒரு இடத்துல கதவு மூடி, வழியே இல்லாம மாட்டிக்குவீங்க. அங்க பண்ண வேண்டியது ஒண்ணுதான்: ஒண்ணும் பண்ணாதீங்க. கொஞ்ச நேரம் நில்லுங்க. இளவரசி வளர்க்கிற வெள்ளை எலி ஓடி வந்து பட்டனை மிதிச்சு கதவைத் திறக்கும். ஒவ்வொரு நொடியும் ஓடுன்னு விரட்டுற ஒரு கேம், அந்த ஒரு இடத்துல மட்டும் பொறுமையா நில்லுன்னு சொல்லுது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் அது.

ஒரே ஒரு சேவ் ஃபைல்

இப்ப நேரத்துக்கு வருவோம். ஸ்பேஸ் பார் அமுக்கினா மிச்சம் எத்தனை நிமிஷம்னு காட்டும். மூணாவது லெவல்ல இருந்து கன்ட்ரோல், ஜி அமுக்கி சேவ் பண்ணலாம். டைட்டில் வரும்போது கன்ட்ரோல், எல் அமுக்கினா அதுல இருந்து தொடரலாம்.

இதுல ரெண்டு வலை இருக்கு. முதலாவது, நீங்க நிக்கிற இடம் சேவ் ஆகாது. லெவலோட ஆரம்பம்தான் சேவ் ஆகும். ஆனா நேரம் இப்ப எவ்வளவு மிச்சமோ அதுவே சேவ் ஆகும். அதனால லெவல் நடுவுல பத்து தடவை செத்த பிறகு சேவ் பண்ணாதீங்க. புது லெவல் ஆரம்பிச்ச உடனே பண்ணுங்க. மிச்ச நேரம் ரொம்பக் குறைவா இருந்தா சேவ் பண்ணவே வேண்டாம், முந்தின லெவலைத் திரும்ப ஆடி நிமிஷங்களை மிச்சம் பிடிக்கிறது நல்லது.

ரெண்டாவது வலை, சேவ் ஃபைல் ஒண்ணே ஒண்ணுதான். அடுத்த ஆள் சேவ் பண்ணினா உங்களது அழிஞ்சிடும்.

வீட்டுல ஒரே ஆள் விளையாடினா இது பெரிய விஷயம் இல்லை. ஆனா ஸ்கூல் லேப் மெஷினை யோசிங்க. ஒரு பீரியட், ஒரு மெஷினுக்கு ரெண்டு மூணு பேர், அடுத்த பீரியட் அடுத்த கிளாஸ். கம்ப்யூட்டர் சென்டர்னா மணிக்கணக்குல காசு. கேமோட ஒரு மணி நேரமும் சென்டர்காரரோட ஒரு மணி நேரமும் சேர்ந்தே ஓடும். எழுந்துட்டா உங்க அஞ்சாவது லெவல் காத்துல போச்சு.

நம்ம ஊர்ல சீட் கோடு இவ்வளவு பரவினதுக்குக் காரணம் இதுதான்னு நான் நினைக்கிறேன். ஏமாத்திப் ஜெயிக்கணும்னு இல்லை, விட்ட இடத்துல இருந்து தொடங்க வேற வழியே இல்லை.

மெகாஹிட்

டாஸ் கறுப்புத் திரையில 'பிரின்ஸ்'னு டைப் பண்ணினா கேம் திறக்கும். அதுக்குப் பதிலா 'பிரின்ஸ்', ஒரு இடைவெளி, 'மெகாஹிட்'னு டைப் பண்ணணும். எழுத்தெழுத்தா சொல்றேன்: எம், ஈ, ஜி, ஏ, எச், ஐ, டி. இது முதல் பதிப்புக்கு. பின்னாடி வந்த 1.3, 1.4 பதிப்புகள்ல அந்தச் சொல்லை 'இம்ப்ரூவ்ட்'னு மாத்திட்டாங்க. மெகாஹிட் போட்டு வேலை செய்யலைன்னா உங்ககிட்ட இருக்கிறது புதுப் பதிப்பு.

மெகாஹிட்டுக்குப் பின்னாடி ஒரு எண் சேர்த்தா நேரா அந்த லெவல். 'பிரின்ஸ் மெகாஹிட் 5'னா அஞ்சாவது லெவல், முழு 60 நிமிஷத்தோட. லேப் பசங்களுக்கு இதுதான் நிஜமான சேவ். ஆனா உயிர் மூணுதான் இருக்கும், வழியில குடிச்சிருக்க வேண்டிய பெரிய பாட்டில் எல்லாம் குடிக்கலையே.

உள்ள போனதும் வேலை செய்யற பட்டன்கள்:

ஷிஃப்ட், எல்: அடுத்த லெவல்.
ஷிஃப்ட், எஸ்: போன உயிர் ஒண்ணு திரும்ப வரும்.
ஷிஃப்ட், டி: மொத்த உயிர்ல ஒண்ணு கூடும்.
ஷிஃப்ட், டபிள்யூ: இறகு மாதிரி மெதுவா விழலாம்.
ஷிஃப்ட், ஐ: திரை தலைகீழ்.
கே: எதிர்ல நிக்கிற காவலாளி காலி.
ஆர்: செத்த இடத்துலயே உயிர்த்தெழலாம்.
கூட்டல், கழித்தல் குறி: நிமிஷத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.
எச், ஜே, யு, என்: இடது, வலது, மேல், கீழ் அறைகளை எட்டிப் பார்க்கலாம்.

இதெல்லாம் ஏன் கேமுக்குள்ள இருக்கு? நான் கோடு எழுதிப் பிழைக்கிறவன், இந்த லிஸ்ட்டைப் பார்த்ததும் புரிஞ்சுது. இது ஒரு டெஸ்டரோட மேஜை. பத்தாவது லெவல்ல ஒரு கதவு சரியா திறக்குதான்னு பார்க்க, ஒவ்வொரு தடவையும் ஒம்பது லெவல் ஆட முடியுமா? நேரா போகணும். தலைகீழ் பாட்டில் சரியா வேலை செய்யுதான்னு பார்க்க, பாட்டில் வரைக்கும் நடக்காம ஒரு பட்டன்ல திருப்பணும். ஆபீஸ்ல நாம எழுதுற ஆப்லயும் இப்படி மறைவா ஒரு கதவு வச்சிருப்போம். அந்தக் கதவுக்கு இவங்க வச்ச சாவிதான் அந்த வார்த்தை.

மெகாஹிட் இல்லாமலேயே வேலை செய்யற ஒண்ணும் உண்டு. முதல் மூணு லெவல்கள்ல ஷிஃப்ட், எல் அமுக்கினா யாரா இருந்தாலும் அடுத்த லெவலுக்குப் போகலாம், நாலாவது வரைக்கும். ஆனா விலை இருக்கு: மிச்ச நேரம் 15 நிமிஷமா சுருங்கிடும். இந்தக் கணக்கை நல்லா கவனிங்க. கடை வாசல்ல சாம்பிள் கொடுக்கிற மாதிரி, பாருன்னு விடுறாங்க, ஆனா அந்த வழியா உள்ள வந்தா மத்த லெவல்களை 15 நிமிஷத்துல முடிக்கிறது பெரும்பாலானவங்களால ஆகாது. குறுக்கு வழியைத் தடை பண்ணல, விலை மட்டும் ஒட்டி வச்சாங்க.

கடிகாரத்தைப் பத்தி ஒரு டெக்னிக்கல் விஷயம். டாஸ் பதிப்பு நொடிக்கு 12 தடவை துடிக்குது. ஒரு நிமிஷம்னா 720 துடிப்பு. ஓட்டம், குத்து, முள்ளு, கதவு எல்லாம் இந்தத் துடிப்புலதான் நடக்கும். நீங்க ஒரு அடி முன்னாடி அமுக்கணும்னு சொன்னேன்ல, நொடியில பன்னிரண்டுல ஒரு பங்கு தவறினாலும் பள்ளம்தான்.

கே பட்டனுக்கு அடங்காதவன்

மூணாவது லெவல்ல தரையில ஒரு எலும்புக்கூடு கிடக்கும். வெளியேறுற கதவு திறந்ததும் எழுந்து கத்தியோட சண்டைக்கு வரும். மத்த காவலாளிக்கெல்லாம் கீழ் மூலையில உயிர் முக்கோணம் தெரியும். இதுக்கு ஒண்ணுமே தெரியாது. எத்தனை குத்து குத்தினாலும் சாகாது. பின்னாடி தள்ளிக்கிட்டே போய் பள்ளத்துல தள்ளணும், அதுதான் வழி.

ரசிகர்கள் டாஸ் பதிப்பைப் பிரிச்சு, அதுல இருந்து எஸ்டிஎல்பாப்னு ஒரு திறந்த மூல வடிவம் பண்ணியிருக்காங்க. அந்தக் கோடுல கே பட்டன் பகுதியைப் படிச்சா ஒரு நிபந்தனை இருக்கு: எதிர்ல நிக்கிறது எலும்புக்கூடா இல்லாத பட்சத்துல மட்டும் கொல்லு. அதாவது சீட் கோடு போட்டாலும் அதைச் சாகடிக்க முடியாது. செத்தவனை எப்படிச் சாகடிக்கிறது! கேமோட கதை விதியை, டெஸ்டர் பட்டனும் மதிக்குது.

நிழல்

எச்சரிக்கை. இனிமே வர்றது ரகசியம். விளையாடப் போறவங்க கடைசிப் பகுதிக்குத் தாவிடுங்க.

நாலாவது லெவல்ல வெளிய போற வழியை ஒரு கண்ணாடி அடைச்சிருக்கும். ஓடி வந்து அதுக்குள்ளயே பாயணும். பாய்ஞ்சா, கண்ணாடியில இருந்து உங்க நிழல் ஒண்ணு எதிர்ப்பக்கம் குதிச்சு ஓடிடும். உங்க உயிர் ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் இருக்கும். அஞ்சாவது லெவல்ல நீங்க போறதுக்குள்ள அந்த நிழல் பெரிய பாட்டிலைக் குடிச்சிடும். ஆறாவது லெவல் கடைசியில, நீங்க தாவி வரும்போது பட்டனை மிதிச்சு கதவை மூடி உங்களைக் கீழ விழ வைக்கும்.

இந்த நிழல் பொறந்த கதைதான் எனக்கு இந்த கேம்லயே பெரிய பாடம். மெக்னர் முதல்ல சண்டையே இல்லாத கேமாத்தான் எழுதினார். தம்பியோட அசைவுப் படங்களே ஆப்பிள் 2-வோட மெமரியைச் சாப்பிட்டுடுச்சு. எதிரிக்குப் புது உருவம் வரைய இடமே இல்லை. கூட வேலை செஞ்ச டோமி பியர்ஸ் என்கிற தோழி, சண்டை வேணும்னு சொல்லிக்கிட்டே இருந்தார். அப்ப வந்த யோசனை: புது உருவம் வேண்டாம், இருக்கிற ஹீரோவோட படத்தையே ஒரு பிட் நகர்த்தி, அதையும் பழைய படத்தையும் எக்ஸ்-ஆர் பண்ணினா என்ன?

எக்ஸ்-ஆர்னா ரெண்டு பிட்டை ஒப்பிட்டு, ரெண்டும் ஒண்ணா இருந்தா பூஜ்யம், வேற வேறயா இருந்தா ஒண்ணு. ஒரு உருவத்தை அதோட நகர்ந்த நகலோட எக்ஸ்-ஆர் பண்ணினா, உள்பக்கம் எல்லாம் அழிஞ்சு ஓரம் மட்டும் மினுங்கும். பேய் மாதிரி. ஒரு பைட் படம் கூட புதுசா வேண்டாம். வில்லன் கிடைச்சுட்டான். காவலாளிகளுக்கு மெமரியில இடம் கண்டுபிடிச்சது அதுக்கு அப்புறம்தான்.

பன்னிரண்டாவது லெவல்ல நிழல் கத்தியோட எதிர்ல வந்து நிக்கும். நீங்க குத்தினா அதுக்கு ஒரு உயிர் போகும், உங்களுக்கும் ஒண்ணு போகும். சரிசமமா குத்திக்கிட்டே போனா ரெண்டு பேரும் சாவீங்க. இதுவரைக்கும் பதினோரு லெவலா கேம் சொல்லிக்கொடுத்த தடு, குத்து எல்லாம் இங்க உதவாது. கீழ் அம்புக்குறி அமுக்கி கத்தியை உறையில போடணும். அதுவும் போடும். அப்புறம் நேரா அதை நோக்கி நடக்கணும். ரெண்டும் ஒண்ணாயிடும். அதுக்குப் பிறகு, தரையே இல்லாத இடத்துல தைரியமா ஓடினா, காலுக்குக் கீழ கல் தானா முளைக்கும்.

மெமரி பத்தாம ஹீரோவோட படத்தையே எதிரியா மாத்தின ஒரு இன்ஜினியரிங் ஒட்டுவேலை, உன் எதிரி நீதான்னு சொல்ற கதையா முடியுது. லேப்ல இதை யாரும் நமக்கு விளக்கிச் சொல்லல. நிறைய பேர் 'மெகாஹிட் 13' போட்டு நேரா ஜாஃபர்கிட்ட போய், இளவரசியைப் பார்த்துட்டு, முடிச்சிட்டேன்னு எழுந்து போனாங்க. அவங்க தவறவிட்டது ஒரு லெவலை இல்லை, கேம் சொல்ல வந்த ஒரே விஷயத்தை.

அப்ப எதை எடுக்கலாம், எதை விடலாம்

என் சிபாரிசு இது.

நேரத்தைக் கூட்டிக்கோங்க, தப்பில்லை. முதல் ஆட்டத்துல கூட்டல் குறியை அமுக்கி இருபது நிமிஷம் சேர்த்துக்கோங்க. கடிகாரம் இன்னும் ஓடும், பயம் இன்னும் இருக்கும், கொஞ்சம் மூச்சு விடலாம். வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரி பத்து மணிக்கு உட்கார்றவங்களுக்கு இது நியாயம்.

லெவல் எண் போட்டுத் தொடங்குறது, நீங்க ஏற்கெனவே கடந்த லெவலுக்குன்னா சரி. அது சேவ் மாதிரிதான். அதோட ஷிஃப்ட், டி அமுக்கி நீங்க நியாயமா சம்பாதிச்சிருந்த உயிரை மட்டும் சேர்த்துக்கோங்க.

அறைகளை எட்டிப் பார்க்கிறது, ஒரு இடத்துல அரை மணி நேரம் மாட்டிக்கிட்டா மட்டும்.

ஆர், கே, இறகு மூணும் வேண்டாம். விழுந்தா சாவுன்னு இருக்கிறதாலதான் ஒரு அடி முன்னாடி அமுக்கக் கத்துக்கிறீங்க. சாவு போயிட்டா கத்துக்க ஒண்ணுமில்லை. கத்திச் சண்டையை பன்னிரண்டாவது லெவல் வரைக்கும் நிஜமா ஆடினவனுக்குத்தான் கத்தியை உள்ள வைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு தெரியும். ஷிஃப்ட், எல் போட்டுப் போறது ட்ரெய்லர் பார்க்கிற மாதிரி.

இப்ப வர்ற கேம்கள்ல இந்த சீட் கோடெல்லாம் செட்டிங்ஸ் மெனுவுக்குள்ள மரியாதையா உட்கார்ந்திருக்கு. 2024 ஜனவரியில யுபிசாஃப்ட் வெளியிட்ட 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி லாஸ்ட் கிரவுன்' ஆடினவங்களுக்குத் தெரியும். எதிரியோட அடி எவ்வளவு வலிக்கணும், தடுக்க எவ்வளவு நேரம் வேணும்னு நீங்களே கூட்டிக் குறைக்கலாம். வழி காட்டுற ஒரு மோடு இருக்கு. கடக்க முடியாத இடத்தைப் படம் பிடிச்சு மேப்ல ஒட்டி வச்சு, அப்புறம் வரலாம். யாரும் அதை ஏமாத்துறதுன்னு சொல்றதில்லை, சொல்லவும் கூடாது. கை நடுக்கம் இருக்கிறவங்களும் கண் பார்வை குறைஞ்சவங்களும் ஆட முடியுதுன்னா நல்லதுதானே. ஒரே வித்தியாசம், அங்க எதைத் தொட்டாலும் கேம் கெடாதபடி வடிவமைச்சவங்க யோசிச்சு வச்சிருக்காங்க. 1989-ல வந்ததுல அந்த யோசனையை நாமதான் பண்ணணும்.

இன்னைக்கு ஆட ரொம்ப மெனக்கெட வேண்டாம். டாஸ் பதிப்பு இன்டர்நெட் ஆர்க்கைவ்ல பிரௌசர்லயே ஓடுது. கம்ப்யூட்டர்ல போட்டுக்கணும்னா எஸ்டிஎல்பாப் விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாத்துலயும் ஓடும். அதுல எஃப்6 அமுக்கினா நிக்கிற இடத்துலயே சேவ், எஃப்9 அமுக்கினா திரும்ப அங்கயே. லேப் பசங்க கனவு கண்டது அது.

கோடு எழுதுறவங்களுக்கு ஒரு போனஸ். ஆப்பிள் 2-வோட மூல நிரல் தொலைஞ்சு போச்சுன்னு ரொம்ப வருஷம் நினைச்சிட்டிருந்தாங்க. 2012-ல மெக்னரோட அப்பா வீட்டுல ஒரு பெட்டியில அந்த ஃப்ளாப்பிகள் கிடைச்சுது. அதுல இருந்ததை மீட்டு கிட்ஹப்ல போட்டுட்டார். 6502 அசெம்பிளி. ராத்திரி தூக்கம் வரலைன்னா திறந்து பாருங்க, இன்னும் தூக்கம் வராது.

அவ்வளவுதான் மக்களே. சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க, போனைத் தள்ளி வச்சுட்டு முதல் லெவல்ல இருந்து ஆடுங்க. எத்தனாவது லெவல்ல நேரம் முடிஞ்சுதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. கே பட்டனை அமுக்கினவங்களும் அனுப்பலாம், கோச்சுக்க மாட்டேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.